தீவனக்காரரும் பன்னிரண்டு வயது டீமும்

கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் கால்பந்துக்காக இத்தனை பாடுபட்ட மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தீவனக்காரரைத் தவிர வேறொருவர் இருக்க வாய்ப்பே இல்லை. ஆஃப்சைடு என்பது மைதானத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். "வேன ஆஃப்சைடுல போட்டுட்டு வந்துட்டனுங்க டீச்சர்" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே வருவார். நான் திருத்தவில்லை. திருத்தப் போனால் "அப்பறம் ஆஃப்சைடுன்னா என்னங்க?" என்று கேட்பார். அது எனக்கும் தெரியாது.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அதை யாரும் உபயோகிப்பதில்லை. கடைவீதியில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பதால் தீவனக்காரர். அவர் மனைவி தீவனக்கார அக்கா. வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் வரை எந்தக் கோழியைக் கேட்டாலும் அவரைத் தெரிந்திருக்கும்.

நான் அதே ஊரில் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். கணவருக்குத் தேவிகுளத்தில் தாலுகா ஆபீஸில் வேலை. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் போனில் குடும்பம் நடத்துவார். அதனால், எங்கள் பத்து வயது மகள் மிருதுளா, "அம்மா, பாலக்காட்டுல கிளப் டீமுக்கு செலக்‌ஷன் நடக்குது, நானும் போறேன்" என்று போன வருடம் வந்து நின்றபோது, அது முழுசாக என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் டீம். பையன்களும் பெண்களும் சேர்ந்தே ஆடலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பார்த்து, கடைசியில் பதினெட்டுப் பேரை எடுப்பார்கள்.

காலை ஏழு மணிக்குப் பாலக்காட்டு மைதானத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில் போய் எப்படிச் சேருவது என்று யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை சாயங்காலம் தீவனக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், நம்ம தரணியும் செலக்‌ஷனுக்கு வாறானுங்க. வேன்ல எடமிருக்குது. பாப்பாவையும் கூட்டீட்டு நம்ம கூடவே வந்துருங்க."

தரணி அவருடைய ஒரே மகன். என் மகள் வயதுதான். ஊதினால் பறந்துவிடுவான். அதுதான் தீவனக்காரரின் வாழ்நாள் துக்கம். "என்ற தீவனத்தத் தின்ன கோழி நாப்பது நாள்ல ரெண்டு கிலோ ஏறுதுங்க. இவனுக்குப் பத்து வருசமாப் போடறேன், ஒடம்புல ஒன்னும் ஒட்ட மாட்டீங்குது. கம்பெனிக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

எந்தக் கம்பெனி இந்தக் கேள்வியைக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஆம்னி வேன் வாரம் ஆறு நாள் மூட்டை சுமப்பது. மக்காச்சோளம், புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் மூன்றும் கலந்த வாசனை அதன் சீட்டில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. பாலக்காட்டில் நாங்கள் இறங்கியபோது மைதானத்துப் பூனைகள் இரண்டு வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றன. அன்று மிருதுளா பந்தோடு ஓடும்போது எதிர் டீம் பிள்ளைகள் மூக்கைச் சுளித்து இரண்டடி விலகினார்கள். கோச் அதை அவளுடைய வேகம் என்று நினைத்துத் தலையாட்டினார். நான் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

கோச் ஒரு மலையாளி. அதிகம் பேசமாட்டார். பெற்றோருக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: மைதானத்தின் ஓரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அங்கே வந்திருந்த பெற்றோர்களைப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் நியாயம் புரியும். ஒருவர் பேப்பர் படிப்பதுபோல் நின்றார்; ஒரு மணி நேரம் பக்கம் திருப்பவில்லை. கஞ்சிக்கோட்டிலிருந்து வந்த ஒரு அப்பா மகனுக்குத் தலை முதல் கால் வரை என்னென்னவோ மாட்டிவிட்டிருந்தார். பையனால் குனிந்து லேஸ் கட்ட முடியவில்லை. நான் சும்மா துணைக்கு வந்தவள்தான். ஆனால் மிருதுளா பந்தை உதைக்கும் ஒவ்வொரு தடவையும் என் காலும் தானாக எழுந்து முன்னால் நின்ற அம்மாவின் குதிகாலில் பட்டது. நான்காவது தடவை அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "போச்சாது உடுங்க, நானும் முன்னால நிக்கறவர அப்படித்தான் ஒதைக்கறேன்" என்றார்.

தீவனக்காரர் பேசக் கூடாது என்ற சட்டத்தை மதித்தார். கயிற்றைத்தான் மதிக்கவில்லை. மகன் சரியாகத் தெரியவில்லை என்று கயிறு கட்டியிருந்த கம்பை மெதுவாகப் பிடுங்கி ஒரு அடி உள்ளே நட்டார். எல்லோரும் ஒரு அடி முன்னேறினோம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அடி. ஒரு மணி நேரத்தில் மைதானம் கால்வாசி சுருங்கிவிட்டது. கார்னர் கிக் அடிக்க வந்த பையன் கொடியைத் தேடினான். அது எங்களுக்குப் பின்னால், தேங்காய்ப்பால் முறுக்கு விற்கிறவரின் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று முடிந்ததும் கோச் பெற்றோரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினார். "ஓடுற குட்டிகள் நிறைய இருக்கு. ஆனா நல்ல ஒரு ஃபினிஷர் இல்ல. அதுதான் வேணும்" என்றார். கோல் அடித்து முடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அர்த்தம். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் புரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை கோச்சின் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"சேட்டா, இது எந்தா?" என்றார் கோச்.

"நீங்க போன வாரம் கேட்டீங்களேங்க, ஃபினிஷருங்க. கோழிக்கு மொதல்ல ஸ்டார்ட்டர் தீவனம் போடோணும், கடைசிப் பத்து நாள் ஃபினிஷர் போடோணும். நீங்க நேரா ஃபினிஷருக்கே வந்துட்டீங்க. பரவால்லீங்க, தாங்கும்."

கோச் மூட்டையைப் பார்த்தார், தீவனக்காரரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதிவிட்டு மைதானத்துக்குள் போய்விட்டார். அவர் மாமியார் வீட்டில் கோழி வளர்த்தார்கள் என்பதால் அந்த மூட்டை வீணாகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள். இடது கால் விவகாரம் அப்படியல்ல. அதில் எனக்கும் பங்கு உண்டு.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கோச் அங்கேதான் டீ குடிப்பார். அதனால் அந்த டீக்கடைக்காரரைக் கிளப்பின் செயலாளர் அளவுக்கு எல்லாப் பெற்றோரும் மதித்தோம். இரண்டாவது ஞாயிறு அவர் தீவனக்காரர் காதில் ஒரு ரகசியம் சொன்னார்: கோச்சுக்கு இடது காலில் ஆடுகிற பிள்ளைகள் என்றால் உயிர், அப்படிப்பட்டவர்கள் கிடைப்பதே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் தீவனக்காரர் திட்டத்தை அறிவித்தார்.

"டீச்சர், இன்னும் ஏழு நாள் இருக்குதுங்க. இவிங்க ரெண்டு பேரையும் எடது பக்கமாத் திருப்பீட்டா வேலை முடிஞ்சுதுங்க."

"ஒரு வாரத்துல அது எப்படிங்கண்ணா முடியும்?"

"ஏனுங்க முடியாது? திங்கறது, பல்லு வெளக்கறது, எழுதறது எல்லாம் எடது கையில செய்யோணும். கை திரும்பினா காலு தானாத் திரும்பீரும்."

படித்த பெண், இருபது வருட டீச்சர், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அதெல்லாம் வேண்டாங்கண்ணா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செலக்‌ஷன் நேரத்தில் பெற்றோரின் மூளை எங்கேயோ லீவில் போய்விடுகிறது. தேவிகுளத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எதுக்கும் பண்ணி வைக்கலாமே" என்றார் என் கணவர்.

அந்த வாரம் மிருதுளா இடது கையால் சாப்பிட்டு, இடது கையால் வீட்டுப்பாடம் எழுதி, வாசற்படியில் இடது காலால் ஏறி இறங்கினாள். தரணியும் அப்படியே. புதன்கிழமை என் பள்ளியிலேயே அவளுடைய கிளாஸ் டீச்சர் நோட்டைக் காட்டி, "என்ன டீச்சர், பாப்பாவுக்குக் கையில அடிபட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா, லேசா சுளுக்கு" என்றேன் நான்.

மூன்றாவது ஞாயிறுதான் முடிவு நாள். பிள்ளைகளை இரண்டு டீமாகப் பிரித்து மேட்ச் வைத்தார்கள். கோச் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எந்தக் கால் என்று கேட்டார். தரணி கண்ணை மூடிக்கொண்டு "எடது" என்றான். அவனை இடது ஓரத்தில் ஓட விட்டார்கள். பந்து வரும்போதெல்லாம் அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். மிருதுளா பொய் சொல்லத் தெரியாதவள். "எடது கால் இன்னும் வரல சார், வலது கால் இப்ப மறந்து போச்சு" என்றாள். கோச் முதல் தடவையாகச் சிரித்தார். அவளை முன்னால் ஆட விட்டார்.

அவள் நன்றாகத்தான் ஆடினாள். எனக்குக் கால்பந்து தெரியாது, ஆனால் என் மகளைத் தெரியும். எதற்கு ஓடுகிறோம் என்று தெரிந்து ஓடினாள். இரண்டாவது பாதியில் ஒரு பந்தை நடுவிலிருந்து எடுத்து, இரண்டு பேரைத் தாண்டி, கோலுக்கு நேரே வந்துவிட்டாள். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். அவனும் தடுமாறிக் கீழே விழுந்துவிட்டான். வலது காலைத் தூக்கினாள். அந்த ஒரு நொடி கயிற்றோரம் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். வலது காலைக் கீழே வைத்துவிட்டு இடது காலால் உதைத்தாள்.

பந்து முறுக்குக் கூடையில் போய் விழுந்தது.

கயிற்றோரம் எல்லோரும் "ச்சே" என்றார்கள். தீவனக்காரர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். "என்னாலதானுங்க டீச்சர்" என்றார்.

"என்னாலயுந்தானுங்கண்ணா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேன் பக்கம் போனார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்தான் எடுக்கப் போயிருக்கிறார். ஆனால் மனசு எங்கேயோ இருந்ததால், பின்கதவைத் திறந்தபோது பாலக்காட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகக் கூடையில் கொண்டுவந்திருந்த நாட்டுச் சேவல் வெளியே குதித்ததைக் கவனிக்கவில்லை.

சேவல் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் போனது. பந்தை விட்டுவிட்டு இருபத்திரண்டு பிள்ளைகளும் அதன் பின்னால் ஓடினார்கள். கஞ்சிக்கோட்டு அப்பா ஓடினார். பேப்பர் படித்தவர் ஓடினார். கோச் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். சேவலுக்கு விசில் புரியவில்லை. அது நடுவட்டத்தைச் சுற்றி, ரெஃபரியின் கால்களுக்கிடையில் புகுந்து, கோல் கம்பத்தை நோக்கிப் பறந்தது. அது பறக்கப் போகும் இடத்துக்கு அதற்கு முன்பே ஒரு ஆள் பறந்துபோய்க் காத்திருந்தான். தரணி. பக்கவாட்டில் நீளமாகப் பாய்ந்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இரண்டு கையாலும் சேவலைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, உருண்டு, எழுந்து நின்றான். சேவலுக்கு ஒரு இறகு உதிரவில்லை.

பிறந்ததிலிருந்து கோழிக்கு நடுவே வளர்ந்த பையன். அவனுக்கு அது தினசரி வேலை.

கோச் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "அந்தப் பையனெ கோல்ல நிறுத்தி நோக்காம்" என்றார்.

மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் தரணியைத் தாண்டி ஒரு பந்து உள்ளே போகவில்லை. ஏழு பந்து வந்தது. ஏழையும் பிடித்தான். ஒவ்வொன்றையும் பிடித்ததும் அது உயிரோடிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

மத்தியானம் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தரணியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. மிருதுளாவின் பெயர் இல்லை. நான் இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தேன், ஒரு தடவை கீழிருந்து மேலே படித்தேன். அவள் என் கையைப் பிடித்து, "போதும்மா, வா" என்றாள்.

இப்படிப்பட்ட நாளில் பிள்ளையோடு வண்டியில் வீடு திரும்புவது எப்படி என்று எந்த டிரெய்னிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. ஏதாவது பேசினால் அழுதுவிடுவாள். பேசாவிட்டால் நான் அழுதுவிடுவேன். மிருதுளா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தரணி தனக்கு லிஸ்டில் இடம் கிடைத்தது ஏதோ தப்பு போல, வாடிக்கையாளரிடம் கொடுக்க மறந்துபோன சேவலின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். தீவனக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே பார்த்து ஓட்டினார். சந்தோஷத்தில் அவர் முகம் வெடித்துவிடும் போலிருந்தது. அதை அவர் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கோழிக்குச் சளி சரியானால்கூடக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டு வருகிற மனிதர் அவர்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில்தான் எப்போதும் பேசுவார். அவர் மனைவி.

"ஏனுங்க, என்னாச்சுங்க? தரணி பேரு வந்துச்சுங்களா?"

தீவனக்காரர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார்.

"இன்னும் லிஸ்ட் ஒட்டல புள்ள" என்றார்.

"மணி ரெண்டாகுதுங்க."

"அட, அவிங்க மெதுவாத்தான் ஒட்டுவாங்க. நீ சோறு தின்னு."

வைத்துவிட்டார். வேனுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல். பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பத்து நிமிடம் கழித்து மறுபடி போன்.

"ஏனுங்க, இப்பவாச்சும் ஒட்டினாங்களா? நான் இங்க சாமி முன்னால ஒக்காந்துட்டு எந்திரிக்காம இருக்கறனுங்க!"

"இன்னும் இல்ல புள்ள…"

அப்போது பின் சீட்டிலிருந்து மிருதுளா எட்டி, முன் சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டினாள்.

"அத்தை! லிஸ்ட் ஒட்டிட்டாங்க! தரணி செலக்ட் ஆயிட்டான்! கோல்கீப்பர்! ஏழு பந்து புடிச்சான் அத்தை, ஒன்னுகூட உடல!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அப்புறம் பாத்திரம் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் அழுகை. அதற்கு நடுவில், "பாப்பா, நீ கண்ணு?" என்று அக்கா கேட்டார்.

"நான் அடுத்த வருசம் அத்தை" என்றாள் மிருதுளா.

தீவனக்காரர் வேனை ஓரம் கட்டினார். இறங்கினார். வரப்புப் பக்கமாகப் பத்தடி நடந்து எங்களுக்கு முதுகு காட்டி நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "தூசிங்க டீச்சர்" என்றார். அந்த வயலில் அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். பச்சைப் பசேலென்று ஈரமாக இருந்தது.

மிருதுளா வீட்டுக்கு வந்துதான் அழுதாள். அரை மணி நேரம். பிறகு எழுந்து வலது கையால் சாப்பிட்டாள்.

இதற்கு மறுவாரம் தீவனக் கடையின் குடோனுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் முள்செடியெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தது. இரண்டு மூங்கில் நட்டு, கோழிப்பண்ணை வலையைக் கட்டி ஒரு கோல் போஸ்ட். தரணிக்குப் பந்து பிடிக்க ப்ராக்டிஸ் வேண்டும், அடிக்க ஆள் வேண்டும், பாப்பாவை அனுப்ப முடியுமா என்று தீவனக்காரர் என்னிடம் உதவி கேட்பதுபோல வந்து கேட்டார். உதவி யாருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு வருடமாக தினமும் சாயங்காலம் என் மகள் அங்கே அடிக்கிறாள், அவர் மகன் பிடிக்கிறான். தீவனக்காரர் வலைக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுகிறார். "வலது கால்லயே அடி கண்ணு, வலது கால்லயே அடி!" என்கிற அவர் குரல் என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

அடுத்த மாதம் மறுபடி செலக்‌ஷன். இந்தத் தடவை லிஸ்டில் மிருதுளாவின் பெயர் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தால், நான் முதலில் திரும்பிப் பார்த்துச் சொல்லப் போவது கயிற்றோரம் நிற்கிற அந்த மனிதரிடம்தான். தேவிகுளம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.